வட்டம் போட்டு அம்புக்குறி போட்டால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இந்த மாதம் உங்களில் நாலு பேர் பிள்ளைகளின் புராஜெக்ட் போட்டோ அனுப்பினீர்கள். நாலும் ஒரே சார்ட்தான். பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி: முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி, நடுவே அம்புக்குறிகள். கடையில் வாங்கிய படம். ஒட்டியது அம்மா என்பது பசை தடவிய நேர்த்தியிலேயே தெரிகிறது. மூன்று சார்ட்டில் கூட்டுப்புழுவுக்குப் பதில் பட்டுக்கூடு! நூல் சுற்றிக் கூடு கட்டுவது பட்டுப்பூச்சி மாதிரியான அந்துப்பூச்சிகள். பட்டாம்பூச்சிப் புழு கடைசித் தோலை உரித்ததும் கூட்டுப்புழுவாக அப்படியே தொங்கும். மார்க் போட்டவரும் இதைப் பார்க்கவில்லை.

சரி, படம் தப்பென்றால் மாற்றிவிடலாம். என் சண்டை அந்த வட்டத்தோடு. வட்டத்தைப் பார்க்கும் குழந்தை, இட்ட முட்டையெல்லாம் பட்டாம்பூச்சி ஆகிவிடும் என்றுதான் நம்பும். நிஜத்தில் பெரும்பாலானவை ஆவதில்லை. எறும்பு தூக்கும், குருவி கொத்தும். வட்டத்தில் சாவுக்கு இடமே இல்லை.

நான் மூன்றாம் வகுப்பில் வருஷா வருஷம் புழு வளர்த்தேன், என் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். கறிவேப்பிலைக் கொத்து, அகல வாய் பாட்டில், மேலே கொசுவலைத் துணி. புழு முதலில் காக்கை எச்சம் போலிருக்கும், பிறகு பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி வாடை விடும். அதற்கே வகுப்பு உருண்டு சிரிக்கும். தினமும் புது இலை, பாட்டில் சுத்தம், எல்லாம் அவர்கள் முறை. முழுசாகப் பார்க்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சார்ட்டுக்கு நாற்பது நிமிஷம்.

ஒரு வருஷம் கூட்டில் ஓட்டை விழுந்து, பட்டாம்பூச்சிக்குப் பதில் பொடிப்பொடியாய்க் குளவிகள் வந்தன. ஒரு சிறுமி அழுதாள். இன்னொருவன், "டீச்சர், அப்போ குளவிக்கு இதுதான் வீடா?" என்றான். எந்த சார்ட் இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கும்?

"சின்னப் பிள்ளைக்குச் சாவைக் காட்டலாமா" என்பார்கள். கோழிக்குஞ்சைப் பருந்து தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? கையில் செல்போன் கொடுத்து, சுட்டு விளையாட விடுகிறவர்கள் என்னிடம் இதைச் சொல்ல வேண்டாம். "பாடம் முடியவில்லை, புழு எதற்கு" என்று கேட்ட அதிகாரியும் உண்டு. புழுதான் சார் பாடம் என்றேன்.

செடியும் இதே கதைதான். பஞ்சில் பயறு முளைத்ததும் போட்டோ எடுத்துக் குப்பையில் போடுகிறார்கள். அதில் சுழற்சி எங்கே இருக்கிறது? மண்ணில் போட்டால் பச்சைப்பயறு 65, 70 நாளில் நெற்று தரும். தான் போட்ட ஒரு பயறுக்கு எத்தனை கிடைத்தது என்று பிள்ளையே எண்ணட்டும்.

இந்த லீவில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள். மருந்து அடிக்காதீர்கள். இடமில்லையென்றால் சாலையோர எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள், அதில் வேறு ஜாதிப் புழு இருக்கும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, இலையை நீங்கள் பறித்துக் கொடுங்கள். ரோமமுள்ள கம்பளிப்பூச்சியை மட்டும் தொட விடாதீர்கள், அரிக்கும். பட்டாம்பூச்சி வெளிவரத் திணறினால் கூட்டைப் பிய்த்து உதவாதீர்கள், இறக்கை ஊனமாகிவிடலாம். எது செத்தது, எது பறந்தது என்று பிள்ளை கைப்பட எழுதியதை எனக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. சார்ட் வேண்டாம்.