சாய்ஸில் விடாதீங்க, நண்பர்களே!



வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம் என்ன? நாலு வரிக்கு மேல் நீளும் கணக்கைக் கண்டால் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி! "கதைக் கணக்குடா, சாய்ஸில் விட்டுரு!" நானும் விட்டவன்தான். முதலாண்டுக் கணக்கில் அரியர் வாங்கியவன்தான். ஆகவே இதை அறிவுரை என்று எண்ண வேண்டாம். அடிபட்டவன் சொல்லும் சேதி என்று கேளுங்கள்.

அரியரைவிட என்னை உறைக்க வைத்தது எங்க அப்பாரு கேட்ட ஒரு கேள்வி. தோட்டத்துத் தேங்காயைக் கொப்பரையாக்கிப் பெருந்துறை கூட்டுறவு சங்க ஏலத்துக்குக் கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு நாள் களத்தில் உட்கார்ந்தபடி கேட்டார்:

"ஏங் கண்ணு, தொட்டி நீக்குன பச்சைத் தேங்காயில பாதி தண்ணியாமா. காஞ்ச கொப்பரையில ஈரம் ஆறு சதம்தான் இருக்கோணுமாம். அப்படீன்னா, நூறு கிலோ காயப்போட்டா எத்தனை கிலோ தேறும்?"

நான் யோசிக்கவே இல்லை. ஐம்பதில் ஆறு போனால் நாற்பத்து நாலு. நூறில் நாற்பத்து நாலு போனால் 56. "அம்பத்தாறு கிலோங்க அப்பாரு!"

அவர் சிரித்தார். "உன்ற கணக்குல அம்பத்தாறு வருது. தராசுல அம்பத்து மூணுதான் நிக்குது. மீதி மூணு கிலோவை ஆரு தின்னது?"

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் கேட்ட கேள்விக்கு, பாலிடெக்னிக் மாணவனிடம் பதில் இல்லை! அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. வெயில் எடுத்துக்கொண்டு போவது தண்ணீரை மட்டுமே. தண்ணீர் நீங்கலாக உள்ள 50 கிலோ அப்படியே இருக்கிறது. கொப்பரையின் எடை 'க' கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆறு சதம் என்பது அந்த 'க'வில் ஆறு சதம். பழைய நூறில் அல்ல. எனவே 0.94க = 50. க = 53.2 கிலோ. தராசு பொய் சொல்லவில்லை. நான்தான் "எதில் ஆறு சதம்?" என்று கேட்கத் தவறியிருந்தேன்.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. அமெரிக்காவில் ஜான் கிளமெண்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1981இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. "இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னார்கள். கால்குலஸ் படிக்கும் அளவுக்கு வந்த மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவறாக எழுதினார்களாம்!

நம் ஊர் விசைத்தறிப் பட்டறையை வைத்தே பாருங்களேன். ஓர் ஆளுக்கு நாலு தறி. தறிகளின் எண்ணிக்கை 'த', ஆட்களின் எண்ணிக்கை 'ஆ'. கை தானாக எழுதுவது 4த = ஆ. இப்போது 20 தறி என்று போட்டுப் பாருங்கள். எண்பது ஆள் வருகிறது! முதலாளி ஓடியே போய்விடுவார். சரியானது த = 4ஆ. எழுத்து என்பது தறியின் பெயர் அல்ல, தறிகளின் எண்ணிக்கை. இதை மறக்கும் இடத்தில்தான் நாம் வழுக்கி விழுகிறோம்.

"எல்லாம் இங்கிலீஷ் பண்ற வேலைடா" என்கிறான் என் அறை நண்பன். பாதி உண்மை. 'ஃபைவ் லெஸ் தேன் ட்வைஸ் எ நம்பர்' என்று வாசித்ததும் தமிழ் வழியில் படித்து வந்தவன் 5 − 2க என்று எழுதிவிடுகிறான். அதையே "ஓர் எண்ணின் இரு மடங்கில் ஐந்து குறைவு" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லின் வரிசையிலேயே 2க − 5 வந்து நிற்கிறது! நம் தாய்மொழி இங்கே தடை அல்ல, படிக்கட்டு. எழுதுமுன் ஒரு தடவை நம் பேச்சில் சொல்லிப் பார்ப்பதற்கு என்ன வெட்கம்?

"மெஷினில் நிற்கப் போறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் எந்த சூப்பர்வைசரும் சமன்பாட்டை எழுதிக் கொடுத்துத் தீர்க்கச் சொல்ல மாட்டார். "தொட்டியில நாப்பது லிட்டர் கூலண்ட் இருக்கு, எட்டு சதம். அஞ்சு சதமாக்கணும். எவ்வளவு தண்ணி ஊத்தறது?" என்றுதான் கேட்பார். இங்கும் ஆயில் மாறவில்லை, தண்ணீர் மட்டுமே மாறுகிறது. அப்பாரு கேட்ட அதே கணக்கு, தலைகீழாக! (விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.) சமன்பாட்டைக் கொடுத்தால் கைப்பேசிகூடத் தீர்த்துவிடும். மாறாதது எது என்று பார்க்கிற கண் நமக்குத்தான் வேண்டும்.

1887இல் நம் ஈரோட்டில் பிறந்த இராமானுஜனிடம், 1914இல் கேம்பிரிட்ஜில் நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசித்துக் காட்டினார். ஒரு தெருவின் வீட்டு எண்களைப் பற்றிய கதைக் கணக்கு அது. மகலனோபிஸ் முயன்று பார்த்து ஒரு விடையைக் கண்டிருந்தார். அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனோ அந்த வகைக் கணக்கு முழுவதற்கும் வழி சொன்னாராம். நாம் இராமானுஜன் ஆக வேண்டாம். அவர் ஊர்க்காரர்கள் கதைக் கணக்கைக் கண்டு ஓடலாமா?

நான் இப்போது கடைப்பிடிப்பது மூன்றே கேள்விகள். எழுத்து எதன் எண்ணிக்கை? எதுவும் எதுவும் சமம்? விடையைக் கதையில் திரும்பப் போட்டால் பொருந்துகிறதா? இந்த மூன்றும்தான் என் அரியரைக் கழற்றின.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், மூத்த மாணவர்கள் முதலாண்டுத் தம்பி தங்கைகளுடன் உட்காரட்டும். கொப்பரையும் தறியும் கூலண்டும் கரும்பலகைக்கு வரட்டும். தமிழில் பேசுவோம், பிறகு சமன்பாடாக எழுதுவோம். லேட்டரல் என்ட்ரியில் பொறியியல் போனாலும் சரி, சிப்காட்டில் வேலைக்குப் போனாலும் சரி, வாழ்க்கை நமக்குத் தரும் வினாத்தாளில் எல்லாமே கதைக் கணக்குதான் நண்பர்களே. அதில் சாய்ஸ் கிடையாது!