காரில் பாட்டு எவ்வளவு சத்தமாக இருக்கலாம்?



கார் வாங்கியதும் பலரும் முதலில் மாற்றுவது ஸ்பீக்கரைத்தான். தாராளமாக மாற்றுங்கள். ஆனால் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றாதீர்கள். பாட்டு கரகரத்தால், ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மீறி உழைக்கிறது என்று பொருள். அப்படியே ஓடவிட்டால் ஸ்பீக்கரின் காயில் சூடேறிக் கருகிவிடும்.

ஸ்பீக்கர் போனால் புதிது வாங்கலாம். உட்காதில் ஒலியை உணரும் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

என் கருத்து இதுதான்: பின்சீட்டில் பாட்டி பேசுவதும், பின்னால் வரும் ஆம்புலன்ஸும் ஓட்டுபவர் காதில் விழவேண்டும். விழவில்லையா? உடனே குறையுங்கள்.