மதிலுக்குள் ஒரு கிராமம்



ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதிக்குள் வருகிற சாலையிலும், சந்திரகிரி வழியிலும், சென்னையிலிருந்து வடக்கே தடா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலும் வீட்டுமனை விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. உயர்ந்த மதில், ஒரே வாசல், இரவும் பகலும் காவல், உள்ளே மரநிழலில் தனித்தனி வீடுகள். பட்டணத்தின் வசதியும் கிராமத்தின் அமைதியும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதே அவை தரும் வாக்குறுதி.

சித்தூரிலும் புத்தூரிலும் நகரியிலும் பிறந்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கச் சென்று, வாடகை வீட்டின் இரண்டு அறைகளில் பிள்ளைகளை வளர்த்த நம் குடும்பங்களில் சில இன்று இப்படிப்பட்ட வீட்டை வாங்கும் நிலைக்கு வந்திருக்கின்றன. இது மகிழத்தக்க காரியமே. நெடுநாள் உழைத்தவர்கள் அமைதியான ஓர் இல்லத்தை விரும்புவதில் குற்றமில்லை. ஆயினும், முன்பணம் கொடுக்குமுன் குடும்பமாக உட்கார்ந்து யோசிக்கவேண்டிய ஒரு காரியம் உண்டு. மதில் கள்ளனைத் தடுக்கும். அதே மதில் அயலானையும் நம் கண்ணுக்கு மறைத்துவிடும்.

எல்லையில் எழுந்த புதிய ஊர்

சத்தியவேடு வட்டாரம் நமக்கு அந்நியமானதல்ல. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குகிற ஊர்கள் அங்கே இன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அப்பகுதி அதில் சேர்க்கப்பட்டது.

அங்கேதான், சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், 2008ஆம் ஆண்டில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் தொடங்கப்பட்டது. வானம் பார்த்த நிலமும் மேய்ச்சலும் இருந்த இடத்தில் இசுஸு வாகனங்களும், சாக்லேட்டும், சென்னை மெட்ரோ ரயில் பெட்டிகளும் உற்பத்தியாகத் தொடங்கின. 2013ஆம் ஆண்டில் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும், 2018ஆம் ஆண்டில் கிரியா பல்கலைக்கழகமும் வந்தன. அகலமான சாலைகள், வரிசையாக மரங்கள், அதிகாரிகளுக்கும் வெளிநாட்டவருக்கும் குடியிருப்புகள் என்று அது தனி உலகமாகவே காட்சியளிக்கிறது.

ஆனால் அந்த உலகம் தானாக இயங்குவதில்லை. வேலைமுறை மாறும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தால் இது விளங்கும். சுற்றுக் கிராமங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பேருந்துகள் வந்து நிற்கும். அவற்றிலிருந்து இறங்குகிறவர்களில் கணிசமானோர் இளம்பெண்கள். அவர்களுடைய தாய்தந்தையர் சம்பளம் வாங்கும் மகளைக் கண்டு மகிழுகிறார்கள். அதே வேளையில், நிலத்தை விற்ற பணம் கரைந்துபோன வீடுகளும் இத்தகைய ஊர்களைச் சுற்றிலும் உண்டு. ஆகவே, நன்மை வந்ததா, தீமை வந்ததா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற நம்மால் இயலாது. உள்ளே குடியிருப்பவர் தம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயரையாவது அறிந்திருக்கிறாரா என்று கேட்பது நமக்கு இயலும்.

வாசலைத் திறந்த இரண்டு வளாகங்கள்

ஒதுங்கி வாழ்வது பாழாய்ப்போகும் வாழ்வு என்று நாம் சொல்லவில்லை. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கே, மதனப்பள்ளிக்கு அருகில், இதற்கு நல்ல சாட்சிகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது ஆரோக்கியவரம். பல மிஷன் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஏற்படுத்திய காசநோய் மருத்துவமனை அது. 1915ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. டென்மார்க்கு தேசத்து மருத்துவர் பிரிமோட் மோலர் அதன் முதல் தலைவர். மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் உலர்ந்த தூய காற்றும் ஓய்வும் நல்ல ஆகாரமுமே சிகிச்சை. ஆகையால் ஊரைவிட்டு விலகிய இடம் தேவைப்பட்டது. எனினும் அம்மருத்துவமனை தன் வளாகத்திற்குள் வந்தவர்களோடு நின்றுவிடவில்லை. 1950களில் அதன் மருத்துவர்கள் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று மக்களைப் பரிசோதித்து, நோய் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார்கள், பி.சி.ஜி. தடுப்பூசியின் பலனையும் அங்கே சோதித்தறிந்தார்கள்.

இரண்டாவது ரிஷிவேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியால் 1920களில் நிலம் வாங்கி அமைக்கப்பட்ட உறைவிடப் பள்ளி அது. அவருடைய போதனை நம்முடைய விசுவாசத்திற்கு வேறானது. ஆனால் அங்கே நடந்த வேலை நாம் கவனிக்கத்தக்கது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிலும் ஏழைக் குடியானவர்களின் ஊர்கள். 1980களில் பத்மநாப ராவ், ரமா என்னும் ஆசிரியத் தம்பதியர் அவ்வூர்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஓர் ஆசிரியர், ஓர் அறை, பல வகுப்புப் பிள்ளைகள் என்பதே அங்குள்ள நிலைமை. எனவே பாடங்களை அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படியேறிச் செல்லும்படி ஒரு முறையை வகுத்தார்கள்.

அந்த முறை அங்கேயே நின்றுவிடவில்லை. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பயின்று வந்தார்கள். 2003ஆம் ஆண்டில் சென்னைப் பள்ளிகளில் அது தொடங்கப்பட்டு, 2007-08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரில் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. நம்மில் பலருடைய பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளை எடுத்துப் படித்தது இவ்வாறு வந்ததே. ஒதுங்கிய ஒரு வளாகம் வாசலைத் திறந்தபடியால் லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறை மாறியது.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

முதலாவது, தண்ணீர். சித்தூர்ச் சீமை வறட்சி கண்ட சீமை. அங்கே ஆழ்துளைக் கிணறு தோண்ட, 2002ஆம் ஆண்டின் ஆந்திர நீர், நிலம், மரங்கள் சட்டத்தின்படி அனுமதி வேண்டும்; பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 250 மீட்டருக்குள் தோண்டுவதற்குத் தடையும் உண்டு. உள்ளே நீச்சல் குளத்திற்கு வரும் நீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, அடுத்த கிராமத்துக் கைப்பம்பில் கோடையில் தண்ணீர் வருகிறதா என்று விற்பவரிடமும் ஊராரிடமும் கேளுங்கள். நாளைக்கு உங்கள் குழாயும் அதே நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கும்.

இரண்டாவது, பத்திரங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அத்திட்டம் பதிவு செய்யப்பட்டதா, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, நிலம் யாரிடமிருந்து எவ்வாறு வாங்கப்பட்டது என்று பாருங்கள். ஏழையின் கண்ணீர் கலந்த நிலத்தில் கட்டிய வீட்டில் நாம் நிம்மதியாய் உறங்க முடியாது.

மூன்றாவது, வீட்டிலுள்ள பெரியவர்கள். தெருவில் காய்கறிக்காரியோடு பேசி, பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பழகிய தாயாரை அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். மகனும் மருமகளும் காலையில் காரில் புறப்பட்டால் இரவில்தான் திரும்புகிறார்கள். பேருந்து நிற்கும் இடம் வெகுதூரம். சபைக்குப் போகவும் ஒருவர் அழைத்துச் செல்லவேண்டும். அந்த அம்மாளுக்கு அது அமைதியா, சிறையா? வீடு பார்க்கப் போகும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

நான்காவது, வாசலில் நிற்பவர்கள். பாத்திரம் துலக்க வரும் சகோதரி, தோட்டக்காரர், காவலாளி ஆகியோர் அந்தச் சுற்றுக் கிராமத்தாரே. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும், உட்கார இடமும், கழிப்பறையும் உண்டா? கூலி குறித்த நாளில் கிடைக்கிறதா? குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேச ஒரு விசுவாசிக் குடும்பமாவது இருக்கவேண்டாமா? உங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தால், பழைய மிதிவண்டியில் வரும் மூப்பரும் நடந்து வரும் விதவைத் தாயாரும் காவலாளியின் கேள்விகளுக்குக் கூசி, மறுமுறை வராமல் நின்றுவிடக்கூடும். வாசலுக்கு நீங்களே சென்று அவர்களை அழைத்து வாருங்கள்.

ஆண்டவர் சொன்ன ஐசுவரியவான், லாசரு உவமையை நாம் எல்லாரும் அறிவோம். அந்த ஐசுவரியவான் லாசருவை அடித்தான் என்றோ, துரத்தினான் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. தன் வாசலருகே கிடந்தவனுக்கு அவன் ஒன்றும் செய்யவில்லை.

ஆகவே அன்பானவர்களே, தகுதியும் வசதியும் இருந்தால் அந்த வீட்டை வாங்குங்கள். குடியேறிய முதல் வாரத்திலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நடந்து செல்லுங்கள். அருகிலுள்ள கிராமத்தின் பெயர் என்ன, அங்குள்ள பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள், தண்ணீர்த் தொட்டி எப்போது நிரம்புகிறது என்று கேட்டு அறியுங்கள். தெலுங்கு தெரியாவிட்டால் நான்கு வார்த்தைகளாவது கற்றுக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உங்கள் வீட்டுக் கல்லூரி மாணவனால் முடியும். அவ்வூரார் உங்களைப் பெயர் சொல்லி விசாரிக்கும் நாளிலேதான் நீங்கள் அந்த மண்ணில் குடியேறினீர்கள் என்று சொல்லலாம்.