யாருடைய மப்பு?

தமிழ்ப் பண்பாட்டைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்களுக்கு நம் நாட்டில் என்றைக்குமே பஞ்சமில்லை. 2011-ல் அந்தப் பொறுப்பை ஒரு ராப் பாட்டு ஏற்றுக்கொண்டது. கோயமுத்தூர்க்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பாடிய ‘கிளப்புல மப்புல’ யூடியூபில் ஏறித் தமிழ்நாடெங்கும் பரவிற்று. பிற்பாடு 2017-ல் தம் வாழ்க்கையையே ஒட்டி ‘மீசைய முறுக்கு’ என்ற படத்தை எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்து அவர் ஜெயித்தார். அந்த உழைப்பின்மீது எனக்கு மரியாதை உண்டு. என் சண்டை அந்தப் பழைய பாட்டோடுதான்.

கிளப்பில் குடித்துவிட்டு ஆடுகிற பெண்ணை ஒருவன் பண்பாட்டின் பேரால் ஏசுகிறான், விஷயம் அவ்வளவே. அவள் யார், என்ன நினைக்கிறாள் என்பது பற்றி அவனுக்கு அக்கறையில்லை. அவள் பதில் சொல்லப் பாட்டில் இடமுமில்லை.

எங்கள் திருநெல்வேலியில் பெரியவர்கள் ‘கிளப்’ என்று சொன்னால் அது காப்பி கிளப். இட்டிலியும் சாம்பாரும் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில், வண்ணார்பேட்டையில் டிபன் டப்பாவோடு பஸ் ஏறிய கல்லூரிப் பெண்களைப் பார்த்து, பின் ஸீட்டுப் பையன்கள் செல்போனில் இந்தப் பாட்டை அலற விட்டதை நான் பார்த்திருக்கிறேன். கிளப்பின் வாசலைக்கூட மிதித்திராத அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாருக்கு எழுதிய ஏச்சு யார்மேல் விழுந்தது, பாருங்கள்!

மப்பைப் பற்றித்தான் கவலை என்றால் தாமிரபரணிக் கரைக்கு வரலாமே. 2003-லிருந்து சில்லறைச் சாராயத்தைச் சர்க்காரே டாஸ்மாக் வைத்து விற்கிறது. படித்துறையில் உட்கார்ந்து குடித்துப் பாட்டிலை உடைத்துப் போடுகிறவர்கள் ஆண்பிள்ளைகள். காலையில் துணி துவைக்கப் போகிற பெண்ணின் காலில் அந்தக் கண்ணாடி ஏறுகிறது. இவர்களை எந்தப் பண்பாடும் கூப்பிட்டு விசாரிக்கக் காணோம். அதே 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ப் பாட்டில் காதலில் தோற்றவன் கையில் மதுக்கோப்பையோடு புலம்பினான், தேசமே சேர்ந்து தாளம் போட்டது. ஆண் குடித்தால் சோகம், பெண் குடித்தால் கலாசாரச் சீரழிவு. நல்ல நியாயம்!

சரி, தமிழ்ப் பாட்டின் பண்பாடுதான் என்ன? எங்கள் வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை இருக்கிறது. பிராமணனான அவன் சக்கிலியப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசை வைக்கிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை, பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்துக் காட்டினால்தான் பெண் என்கிறான். பட்டன் அதையும் செய்கிறான். இன்றைக்கும் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைத்தான் காணிக்கை வைக்கிறார்கள். அந்தப் பெண்கள் கடைசியில் உடன்கட்டை ஏறுகிறார்கள்; அதை நான் கொண்டாடவில்லை. ஆனால், அவர்களுக்கு வாய் இருக்கிறது. கேட்கிறார்கள், அழுகிறார்கள், மறுத்துப் பேசுகிறார்கள். படிக்காத புலவனுக்கு இருந்த இந்தச் சிரத்தை, மைக்கைப் பிடித்த படித்த பிள்ளைக்கு ஏன் இல்லை?

அமெரிக்காவில் பிராங்ஸ் சேரிகளில் 1970-களில் ஏழைக் கறுப்பர்கள் வளர்த்த கலை ராப். பேச இடமில்லாதவன் பேசுவதற்கென்று பிறந்த அதை இங்கே கொண்டுவந்து, பேச இடமில்லாதவளின் வாயை அடைக்கப் பயன்படுத்தினால் எப்படி?

‘மீசைய முறுக்கு’ படத்தில் விவேக் ஏற்று நடித்த தந்தையை ஆதி எத்தனை வாஞ்சையோடு பேச விட்டிருக்கிறார்! பிறரைப் பேசவிடத் தெரிந்தவர்தான். அந்தக் கிளப் பெண்ணையும் ஒரு படத்தில் உட்கார வைத்து, குறுக்கே பாடாமல், அவள் சொல்வதைக் காமிராவில் பிடிக்கட்டும். டிக்கெட் வாங்கிப் பார்க்க நான் தயார்.