ஒரே சட்டி, வேற கோப்பை

மாச்சத்தைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னால், எங்கட வீடுகளில் முதலில் வரும் கேள்வி: "அப்ப இனித் தனியாச் சமைக்கப் போறீங்களா அம்மா?" லண்டனில் எனக்கும் அதே கேள்விதான். முழு வீட்டுக்கும் சமைப்பவளும் நான்தான்.

தனிச் சமையல் தேவையில்லை. மீன்குழம்பு, முட்டைப் பொரியல், முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாவற்றிலும் மாச்சத்து குறைவு. அது குவிந்திருப்பது சோறு, புட்டு, இடியப்பம், பாணில்தான். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் மட்டும் ஏறக்குறைய 45 கிராம். பிள்ளைகளின் கோப்பையில் நடுவில் சோறு, சுற்றிவரக் கறி. என்னுடையதில் நடுவில் கறி, ஓரத்தில் இரண்டு கரண்டி சோறு. கிழங்குக்கறி வைக்கிற நாளில் கூடவே ஒரு கீரையும் வைத்தால் சரி.

ஆனால் "இது அம்மாவின்ர டயற்" என்று மற்றவர்கள் ஒதுங்குவதை ஏற்கமுடியாது. பிரித்தானியாவில் வெள்ளையருக்கு பிஎம்ஐ 25 என்றால், தெற்காசியருக்கு 23 இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. எங்கட பிள்ளைகளுக்கும் வளர்ந்து பெரியவர்களான பிறகு அந்தக் கணக்குத்தான். அவர்கள் சோற்றை விடவேண்டாம். கறியைக் கூட்டிச் சாப்பிடட்டும். கீரை ஆயவும், மீன் வெட்டவும் குசினிக்குள் வரட்டும். வருத்தக்காரரே எல்லாருக்கும் புட்டு அவித்துவிட்டு, தன் சாப்பாட்டுக்கு மறுபடி அடுப்பு மூட்டுவது நியாயமில்லை.

ஒன்று கவனம்: இன்சுலின், கிளிக்லசைட் எடுப்பவர்கள் டொக்டரிடம் கேளாமல் சோற்றைக் குறைக்கவேண்டாம். சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

மற்றவர்கள் இன்றிரவே தொடங்கலாம். புதுச் சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை. சோற்றுக் கரண்டியை அவரவர் கையில் கொடுங்கோ, போதும்.