கித்தான் வந்த அதே வருசம்

'கொர்யோ-கித்தான் போர்' 32 பாகத்தையும் பாத்து முடிச்சிட்டம். 1019இல் குவிஜுவில் காங் கம்-சான் கித்தான் படையை நொறுக்கியது எங்களுக்கு மனப்பாடம். ஆனா கித்தானியர் முதன்முதல் கொர்யோவுக்குள் நுழைந்த 993இல்தான் ராஜராஜ சோழனின் படை இலங்கைக்கு வந்தது. அநுராதபுரம் விழுந்தது, பொலன்னறுவை சோழரின் தலைநகரானது. 1017இல் பிடிபட்ட ஐந்தாம் மகிந்த மன்னன் 1029இல் சோழநாட்டிலேயே இறந்தான்.

இங்கே ஒரு பக்கத்துக்குச் சோழர் பெருமை, மறுபக்கத்துக்கு ஆக்கிரமிப்பாளர். தமிழ் பேசுற சம்மாந்துறை முஸ்லிம்களான எங்களுக்கு ரெண்டுமே பத்தாது. கித்தானியர் ஏன் வந்தார்கள்? சீனத்துச் சொங் அரசோடு கொர்யோ உறவை முறிக்கவேணும் என்று. அந்தக் கணக்கைப் புரிந்துதான் சோ ஹுய் பேசியே படையைத் திருப்பினார். சோழரின் கணக்கை எங்களுக்கு யார் சொன்னது?

மகிந்தனின் அந்த 12 வருசத்தை யாராவது நாடகமா எடுங்க. சிங்களத்தில எடுத்தாலும் சப்டைட்டிலோட பாப்பம், கொரியனையே பாக்கிறம்தானே.