ஊருக்குள் நிழல் வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் மேற்கேயுள்ள மலைக்காட்டைச் சாம்பல் நிற அணிலுக்காகச் சர்க்கார் 1988-ல் சரணாலயமாக்கினார்கள். 2021-ல் அதையே மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கினார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அணில் பிழைக்க மரம் வேண்டுமென்று தெரிந்துகொண்ட நாம், அம்மலையடிவாரத்தில் வசிக்கும் மனிதனுக்கும் மரம் வேண்டுமென்பதை எப்போது தெரிந்துகொள்ளப் போகிறோம் என்றுதான் கேட்கின்றோம்.

இராஜபாளையத்தில் நூல் மில்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் தறிகள். ஊரார் காயத்துக்கெல்லாம் துணி நெய்து அனுப்புகிறவன், இரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் நின்றுவிட்டு வெளியே வந்தால், உட்கார்ந்து மூச்சுவிட ஒரு நிழல் வேண்டாமா? தூசியை மில்லுக்குள்ளேயே தடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. பூங்கா அதற்கு ஈடாகாது. ஆனால் வேலை முடிந்த பிறகு உடம்பும் மனமும் தேற வேண்டுமே?

“மரத்தைப் பார்த்தால் நோய் தீருமா?” என்று சிலர் பரிகாசம் செய்யலாம். மந்திரம்போல் தீருமென்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ரண சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை உல்ரிச் என்பவர் ஆராய்ந்து 1984-ல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியக் கிளையோ, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை ஹெக்டேர் பசும்வெளியாவது இருக்க வேண்டுமென்கிறது.

ஆகவே, பெயர்ப்பலகையும் பூட்டிய கதவும் பூங்கா ஆகிவிடாது. வேம்பும் புங்கையும் வேண்டும். கிழவர் சாய்ந்து உட்காரப் பெஞ்சு வேண்டும். குடிதண்ணீரும் சுத்தமான கக்கூஸும் வேண்டும். பெண்கள் இருட்டிய பிறகும் அச்சமின்றி வர விளக்கு வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலை வருகிறவனுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் பணமும் வருஷந்தோறும் ஒதுக்காமல், திறப்பு விழா மாத்திரம் நடத்துவதால் யாருக்கென்ன லாபம்?

எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தத் தெருவான் என்று ஒருவனைக் கேட்காத இடமாக அது இருக்க வேண்டும். பொதுத் தெருவிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமையுண்டென்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபை 1924-ல் ஏற்றுக்கொண்டது. தெருவில் நடக்கும் உரிமை மட்டும் போதாது. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பழக்கமும் வந்தாக வேண்டும். வரி வாங்கும்போது தெருப் பார்க்காத முனிசிபாலிட்டி, மரம் வைக்கும்போதும் தெருப் பார்க்கலாகாது.

இவ்விரண்டு ஊர்த் தோழர்களையும் நாம் கேட்டுக்கொள்வதெல்லாம், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், “எங்கள் வாசலிலிருந்து நிழல் எத்தனை அடி தூரம்?” என்று கேளுங்கள் என்பதேயாகும்.